தேசாவுக்கும் நெகாராவுக்கும் நடுவே ஒரு காடு

இந்தோனேசிய மொழியில் 'தேசா' என்றால் கிராமம். 'நெகாரா' என்றால் நாடு அல்லது அரசு. நம்மிடம் தேசம் பெரிது, நகரம் சிறிது. கடல் கடந்து போன அந்த இரு வடசொற்களும் அங்கே தங்கள் அளவைத் தமக்குள் மாற்றிக்கொண்டுவிட்டன. இதைச் சொல்லக் காரணம், போர்னியோ தீவின் உட்பகுதியில் உள்ள சுங்கை உத்திக் என்ற சிற்றூரின் காடு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு, சட்டப் புத்தகத்தின் ஒரு வரியில் 'நெகாரா' என்ற சொல் இருக்க வேண்டுமா, கூடாதா என்பதில் நெடுங்காலம் தொங்கிக்கொண்டிருந்ததுதான்.

சுங்கை உத்திக் இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தான் மாகாணத்தில், காப்புவாஸ் ஹுலு மாவட்டத்தில் இருக்கிறது. 'ஹுலு' என்பது ஆற்றின் மேற்பகுதியைக் குறிக்கும். 1,143 கிலோமீட்டர் ஓடும் காப்புவாஸ், இந்தோனேசியாவின் மிக நீண்ட ஆறு. அதன் கழிமுகத்தை ஒட்டி, நிலநடுக்கோட்டின் மேலேயே அமைந்த பொந்தியானாக் மாகாணத் தலைநகர். அங்கிருந்து மாவட்டத் தலைநகரான புத்துசிபாவுக்குச் சாலை வழியே போகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகும். அதற்கு மேல் மலேசிய எல்லையை நோக்கிச் செல்லும் வடக்குச் சாலையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். அதே சாலையில் தொடர்ந்து போனால் பாடாவ் எல்லைச் சாவடி. அதைத் தாண்டினால் சரவாக். ஊரில் வாழ்வோர் இபான் தாயாக் மக்கள், முந்நூறு பேர் அளவில். சரவாக்கில் உள்ள இபான்களும் இவர்களும் ஒரே மொழி பேசும் ஒரே இனம். இடையில் கோடு போட்டவை டச்சு, பிரிட்டிஷ் ஆட்சிகள்.

மாகாணத்தின் வளத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் தங்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் இங்கே கூட்டாகத் தங்கம் தோண்டினார்கள். மண்டோரில் 1777இல் உருவான லன்ஃபாங் என்ற கூட்டமைப்பு, தனக்கென நிர்வாகத்தை வைத்துக்கொண்டு நூறாண்டுக்கும் மேல் நீடித்தது. இன்றும் காப்புவாஸ் ஆற்றின் மணலை உறிஞ்சித் தங்கத்தைப் பிரிக்கும் அனுமதியற்ற மிதவைகள் உண்டு, அவற்றிலிருந்து கழியும் பாதரசமும் உண்டு. சங்காவ், கெத்தாப்பாங் மாவட்டங்களில் பாக்சைட். அதற்கு மேல், பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், எல்லா இடத்திலும், மரம். காப்புவாஸ் ஹுலுவில் பெத்துங் கெரிஹுன், டானாவ் செந்தாரும் என இரண்டு தேசியப் பூங்காக்கள் இருப்பதும், அந்த வட்டாரத்தை 2018இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்ததும், அங்கே வெட்டுவதற்கு இன்னும் ஏதோ மிச்சமிருக்கிறது என்பதற்கான சான்றுகளாகவும் கொள்ளத்தக்கவை.

இந்த ஊரை ஊர் என்பதைவிட ஒரு வீடு என்றே சொல்லலாம். ஏறத்தாழ இருநூறு மீட்டர் நீளத்துக்கு, ஒரே கூரையின் கீழ், தூண்கள் மேல் நிற்கும் நெடுவீடு அது. 1970களில் கட்டப்பட்டது, இருபத்தெட்டு 'கதவுகள்' கொண்டது. கதவு என்பது இங்கே குடும்பத்தின் அலகு. எத்தனை வீடு என்று நாம் கேட்கும் இடத்தில் அவர்கள் எத்தனை கதவு என்று கேட்பார்கள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் 'பிலிக்' என்ற தனி அறை. குடும்பத்துக்கும் அதே பெயர்தான். கதவுக்கு முன்னால் 'ருவாய்' என்ற பொதுத் தாழ்வாரம், வீட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடுப்பே இல்லாமல் ஓடுகிறது. பிரம்புக் கூடை முடைவதும், பாய் பின்னுவதும், விருந்தாளியை உட்காரவைத்து அரிசிக் கள்ளான 'துவாக்' ஊற்றுவதும், ஊர்ச்சபை கூடுவதும் அங்கேதான். அதற்கு வெளியே, கூரை இல்லாத 'தஞ்சு' என்ற மேடை, நெல் காயப்போட. மேலே பரணில் 'சடாவ்', நெல் குதிர்களுக்கு. தாழ்வாரத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் பங்கும் அந்தக் குடும்பம் பராமரிக்க வேண்டியது, ஆனால் நடக்கவும் உட்காரவும் எல்லோருக்கும் உரியது. திண்ணை வைத்துக் கட்டிய நம் பழைய வீடுகளை, இடைச்சுவரே இல்லாமல் தெரு முழுக்கத் தைத்துவிட்டதைப் போல இருக்கும் என்று ஒரு மாதிரி மனத்தில் கொள்ளலாம்.

ஒரே கூரை என்பதால் ஆபத்தும் ஒன்றே. இதே மாவட்டத்தில் உலுக் பாலின் என்ற, இதைவிடப் பழைய, ஐம்பதுக்கும் மேற்பட்ட கதவுகள் கொண்ட நெடுவீடு 2014 செப்டம்பரில் தீப்பிடித்து முழுதும் எரிந்துபோனது. இந்தோனேசியாவை 1998வரை ஆண்ட ராணுவத் தளபதி சுகார்த்தோவின் ஆட்சித் தொடக்கத்தில் கலிமந்தானின் பல பகுதிகளில் நெடுவீடுகளைக் கலைத்துத் தனி வீடுகளுக்குப் போகும்படி அதிகாரிகள் வற்புறுத்தியபோது, தீ அபாயத்தையும் சுகாதாரக் குறைவையும்தான் காரணமாகக் காட்டினார்கள். பலர் ஒன்றாக வாழ்வது பொதுவுடைமைச் சாயல் கொண்டது என்ற ஐயமும் அதற்குள் இருந்தது. அந்தக் காலத்தில் சுங்கை உத்திக் தன் நெடுவீட்டைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இந்த ஊரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரு முதுமொழியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காடு எங்கள் தந்தை, மண் எங்கள் தாய், நீர் எங்கள் குருதி என்பது அது. அழகான வாக்குத்தான், ஊரார் அதை மனதாரச் சொல்கிறார்கள் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் பாசம் மட்டும் காட்டைக் காப்பதாக இருந்தால் உலகில் பாதிக் காடு அழிந்திருக்காது. இங்கே காட்டை நிறுத்திவைத்தது அந்தப் பாசத்தின் அடியில் இருக்கும், சற்றும் கவித்துவமற்ற, வரம்பும் தண்டமும் வாரிசுரிமையும் கொண்ட ஒரு சொத்துச் சட்டம். அதற்கு 'அதாத்' என்று பெயர்; வழக்காறு என்று தமிழில் சொல்லலாம்.

ஊரின் ஆட்சிக்கு உட்பட்ட நிலப்பரப்பு முழுவதும் 'மெனுவா' எனப்படும். அதில் காடு ஏறத்தாழ 9,500 ஹெக்டேர். இங்கே இன்னொரு சொல் வேடிக்கை உண்டு. மலாய் மொழியில் 'கம்போங்' என்றால் கிராமம் என்பதை மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் அறிவார்கள். இபான் மொழியில் அதே சொல் காட்டைக் குறிக்கிறது. அந்தக் கம்போங்கை அவர்கள் மூன்றாக வகுத்திருக்கிறார்கள். 'கம்போங் தாரோ' என்பது தொடக்கூடாத காடு: ஓடைகள் பிறக்கும் இடம், விலங்குகள் குட்டி போடும் இடம், அங்கே மரம் வெட்டுவதும் வயல் போடுவதும் இல்லை. 'கம்போங் கலாவ்' என்பது இருப்புக் காடு. மூலிகை, பிரம்பு போன்றவற்றை எடுக்கலாம், தேவையைக் காட்டி மிகக் கட்டுப்பாட்டுடன். 'கம்போங் எண்டோர் கெர்ஜா' என்பது வேலை செய்யும் காடு. வீட்டுக்கும் படகுக்கும் வேண்டிய மரம் இங்கிருந்து வரும், அதுவும் ஒரு கதவுக்கு ஆண்டில் இத்தனை மரம் என்ற வரம்புக்குள். மீறினால் தண்டம், அதை விதிப்பவர்கள் தாழ்வாரத்தில் தினமும் எதிரில் உட்காருபவர்கள் என்பதால் ஒளிவதற்கு இடமில்லை.

காட்டுக்கு வெளியே உள்ள நிலத்துக்கு விதிகள் இதைவிட நுணுக்கமானவை. முதன்முதலில் ஒரு காட்டுத் துண்டைத் திருத்தி மலைநெல் விதைத்த குடும்பத்துக்கே அந்தத் துண்டில் உரிமை. ஒரு போகம் எடுத்தபின் நிலத்தைப் புதர் மண்ட விட்டுவிட்டு, பல ஆண்டு கழித்து அதே குடும்பம் அல்லது அதன் வழியினர் திரும்பி வருவார்கள். வெளியாள் பார்வைக்குக் கைவிடப்பட்ட புதராகத் தெரிவது உள்ளூரில் பெயரும் உரிமையாளரும் வயதும் கொண்ட நிலம். பழைய நெடுவீடுகள் இருந்த இடங்கள் 'தெம்பாவாய்' எனப்படும் பழத்தோப்புகளாக மாறியிருக்கும். துரியானும் தெங்காவாங்கும் அங்கே நிற்கும்; நட்டவரின் பேரப்பிள்ளைகள் அனைவருக்கும் கனியில் பங்கு. தெங்காவாங் என்பது நம் குங்கிலிய மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே ஒன்றுகூடிக் காய்ப்பதைப் போலக் காய்த்துத் தள்ளும். அதன் கொட்டையிலிருந்து வரும் கொழுப்பு, சாக்லேட் செய்வதில் கோக்கோ வெண்ணெய்க்கு மாற்றாகப் பயன்படுகிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 'பாடி புன்' என்ற மூல நெல் ஒன்று உண்டு. தாய்வழியோ தந்தைவழியோ வந்த அந்த விதையை வயலின் நடுவில் முதலில் விதைத்த பிறகுதான் மற்ற நெல் ரகங்கள்.

அரசின் வரைபடத்தில் இவை எதுவும் தெரியவில்லை. சுகார்த்தோ ஆட்சி கொண்டுவந்த 1967ஆம் ஆண்டு வனச் சட்டம் நாட்டின் காடுகள் மீதான அதிகாரத்தை ஜகார்த்தாவிடம் குவித்தது. மலேசியாவுடனான 1963–66 மோதல் முடிந்திருந்த நேரம் அது. சரவாக் எல்லையோரம் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களைத் தேடும் ராணுவ நடவடிக்கை நடந்துகொண்டிருந்தது. அந்த 1967இலேயே எல்லையை ஒட்டிய எட்டு லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான காடு, ராணுவத்தோடு தொடர்புடைய ஓர் அறக்கட்டளையின் நிறுவனத்துக்கு மரம் வெட்டக் குத்தகையாகத் தரப்பட்டது. எல்லையைக் காப்பது, காட்டை விற்பது ஆகிய இரண்டு வேலைகளையும் ஒரே கை பார்த்துக்கொண்டது. அந்தக் குத்தகை 1999இல்தான் ரத்தானது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் வேறு நிறுவனங்களும் உரிமக் காகிதத்தோடு மேல் காப்புவாஸுக்கு வந்தன. சுங்கை உத்திக் மறுத்தது. மறுப்புக்கு முன்னின்றவர் நெடுவீட்டின் 'துவாய் ருமா', அதாவது வீட்டுத் தலைவர், பண்டி என்பவர். நீண்ட வெண்தாடியால் எல்லோரும் அவரை அப்பாய் ஜங்குட் என்றே அழைக்கிறார்கள். அப்பாய் என்றால் அப்பா, ஜங்குட் என்றால் தாடி. 

சோதனை உண்மையில் கடுமையானது சுகார்த்தோ வீழ்ந்த பிறகுதான். 1998க்குப் பின் அதிகாரம் மாவட்டங்களுக்கு இறங்கியது. சிறு வெட்டு உரிமங்களை மாவட்ட அலுவலகமே வழங்கலாம் என்றானது. எல்லைக்கு அப்பாலிருந்து சரவாக் முதலாளிகள் புல்டோசரோடு வந்து ஊர்களோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டார்கள். மரத்துக்கு இவ்வளவு என்று கையில் பணம். வீட்டுக்குத் தகரக் கூரை, மின்னாக்கி, ஊருக்குப் பாதை. சுற்றியிருந்த பல இபான் ஊர்கள் சம்மதித்தன. அவர்களைக் குறைசொல்வது எளிது, நியாயமல்ல. முப்பது ஆண்டுகளாகத் தம் காடு லாரியில் போவதைச் சும்மா பார்த்திருந்தவர்களுக்கு, அந்த மரத்திலிருந்து முதன்முறையாகக் காசு கண்ணில் பட்டது அப்போதுதான். 2005இல் ஜகார்த்தா எல்லையை இறுக்கிச் சட்டவிரோத வெட்டுக்கு எதிராகப் பெரும் நடவடிக்கை எடுத்ததும் எந்திரங்கள் எல்லை தாண்டிப் போய்விட்டன, வருமானமும் போய்விட்டது. அதே 2005இல் அரசு இன்னொரு திட்டத்தை அறிவித்தது: எல்லையோரம் 18 லட்சம் ஹெக்டேர் செம்பனை. மலைச்சரிவில் செம்பனை சரியாக வளராது என்ற மறுப்பும் வெளிநாட்டு எதிர்ப்பும் சேர்ந்து அதைச் சுருங்கவைத்தன.

இவ்வளவுக்கும் நடுவில் சுங்கை உத்திக்கின் கையில் ஒரு காகிதமும் இல்லை. 1999இல் வந்த 41ஆம் எண் புதிய வனச் சட்டம் வழக்காற்றுக் காடு என்று ஒன்று உண்டு என்பதை ஏற்றது. ஆனால் அதற்கு அது தந்த வரையறை இது: வழக்காற்றுக் காடு என்பது வழக்காற்றுச் சமூகத்தின் எல்லைக்குள் இருக்கும் *நெகாரா* காடு. அதாவது உன் காடுதான், ஆனால் அரசுடையது. இந்த வரையறையை எதிர்த்து, 'அமான்' என்ற பழங்குடி மக்களின் கூட்டமைப்பு, ரியாவ், பான்டென் பகுதிகளின் இரண்டு வழக்காற்றுச் சமூகங்களோடு சேர்ந்து, 2012இல் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனது. 2013 மே 16 அன்று தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் அந்த வரியை நீக்கவில்லை. அதிலிருந்து 'நெகாரா' என்ற சொல்லை மட்டும் நீக்கியது. வழக்காற்றுக் காடு என்பது வழக்காற்றுச் சமூகத்தின் எல்லைக்குள் இருக்கும் காடு, அவ்வளவுதான்.

சட்டத்தில் ஒரு சொல்லை எடுப்பதற்கும் நிலத்தில் ஒரு வேலியை எடுப்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை இந்த ஊரின் அடுத்த ஏழாண்டுகள் காட்டுகின்றன. தீர்ப்பின்படி காடு உரியது யாருக்கு என்பது தெளிவு. ஆனால் அந்த 'யார்' யார் என்பதை மாவட்டம் முதலில் சட்டம் போட்டு அங்கீகரிக்க வேண்டும். காப்புவாஸ் ஹுலு அதற்கான மாவட்டச் சட்டத்தை 2018இல் இயற்றியது. அதன்கீழ் மாவட்ட ஆட்சியரின் ஆணை, பிறகு அமைச்சகத்தின் சரிபார்ப்புக் குழு, எல்லைக் கற்கள், அண்டை ஊர்களின் ஒப்புதல். 1990களின் பிற்பகுதியிலேயே பொந்தியானாக் தன்னார்வலர்களின் உதவியோடு ஊரார் தாமே காட்டில் நடந்து வரைந்துவைத்திருந்த வரைபடம் இங்கேதான் கைகொடுத்தது. 2020 மே மாதம் அமைச்சகத்தின் ஆணை வந்தது.

இதில் எனக்கு விசித்திரமாகப் படுவது வரிசைதான். 2008இல் இந்தக் காட்டின் மேலாண்மைக்கு இந்தோனேசியாவின் சூழல் முத்திரை நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. 2019இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது. காட்டை மிக நன்றாகக் காத்ததற்காக உலகம் பாராட்டிய நாளில்கூட, சட்டப்படி அது அவர்களுடைய காடு அல்ல. பாராட்டு முதலில், பட்டா பின்னால். 2023இல் அப்பாய் ஜங்குட், கேமரூன், பிரேசில் நாடுகளைச் சேர்ந்த இருவரோடு பத்து லட்சம் யூரோ மதிப்புள்ள குல்பென்கியான் மனிதகுலப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அப்போதுதான் விருது காகிதத்துக்குப் பின்னால் வந்தது.

காடு இருப்பதால் மட்டும் கையில் காசு புரண்டுவிடுவதில்லை. ரப்பர் விலை விழுந்ததிலிருந்து மேல் காப்புவாஸின் பணப்பயிர் 'கிராத்தோம்' என்ற மரத்தின் இலை. உலர்த்திப் பொடியாக்கி பொந்தியானாக் வழியே பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போகிறது. அது மருந்தா போதைப் பொருளா என்ற சர்ச்சை ஓயாததால், ஒவ்வொரு விதிமாற்றமும் மாவட்டத்தின் அடுப்புவரை தெரியும். இளைஞர்கள் 'பெஜாலாய்' போகிறார்கள். ஊரை விட்டு வெளியே சென்று உழைத்து, பொருளும் பேரும் சேர்த்துத் திரும்புவது இபான்களின் பழைய வழக்கம்; இன்று அதன் திசை பெரும்பாலும் சரவாக், கூலி ரிங்கிட்டில். ஊரில் விருந்தினர் தங்கலும், குழந்தைகளுக்குக் காட்டறிவும் நெசவும் கற்றுத்தரும் ஒரு வழக்காற்றுப் பள்ளியும் நடக்கின்றன.

மலைநெல் விவசாயத்துக்கும் இடைஞ்சல் தீரவில்லை. காய்ந்த செடிகொடிகளை எரித்துச் சாம்பலில் விதைப்பதுதான் முறை. 2015இன் பெரும் புகைமூட்டத்துக்குப் பிறகு அரசு தீ வைப்போர் மீது கடுமையாகப் பாய்ந்தது. 2009ஆம் ஆண்டுச் சூழல் சட்டம் உள்ளூர் வழக்கப்படி ஒரு குடும்பம் இரண்டு ஹெக்டேர்வரை எரிக்க இடம் தருகிறது; இருந்தும் பக்கத்து மாவட்டமான சிந்தாங்கில் ஆறு விவசாயிகள் மீது வழக்குப் போட்டார்கள். 2020 மார்ச்சில் நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்தது. தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் எரிந்ததற்கும் தாத்தா விட்டுப்போன துண்டில் எரிந்ததற்கும் புகை ஒன்றுபோலத்தான் இருக்கும் என்றாலும் வழக்குக்கு அகப்படுவது எளிதில் அகப்படுகிறவர்கள்தான்.

இந்தோனேசியா முழுவதிலும் 2024 முடியும்வரை அங்கீகாரம் பெற்ற வழக்காற்றுக் காடு மூன்று லட்சம் ஹெக்டேருக்குச் சற்று அதிகம். அரசு 'வனப் பரப்பு' என்று கணக்கில் வைத்திருப்பது ஏறத்தாழ பன்னிரண்டு கோடி ஹெக்டேர். வழக்காற்றுச் சமூகங்களுக்கான தனிச் சட்ட மசோதா பத்தாண்டுக்கும் மேலாக நாடாளுமன்றத்தின் பட்டியலில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. சுங்கை உத்திக்குக்குக் கிடைத்த ஆணையும் காட்டுக்கு மட்டும்தான் செல்லும். வனப் பரப்புக்கு வெளியே விழும் வயலுக்கும் தோப்புக்கும் கூட்டுரிமை வேண்டுமானால் போக வேண்டியது நில அமைச்சகத்துக்கு. அங்கே விண்ணப்பமும் வேறு, அளவை அதிகாரியும் வேறு. 2020இல் ஆணை பிறப்பித்த சுற்றுச்சூழல் மற்றும் வன அமைச்சகமே 2024 அக்டோபரில் இரண்டாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. காட்டுக் கோப்புகள் வன அமைச்சகத்துக்குப் போயிருக்கின்றன.